தோற்பதற்கு ஒரு முகம்

ஹன்மாரு தொலைக்காட்சியின் ஆண்டிறுதி நாடக விருது விழாவுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவது அவ்வளவு சுலபமான காரியமில்லை. அதற்குத் தனித்திறமை வேண்டும். அந்தத் திறமையை முப்பத்தொரு வருடம் விடாமல் நிரூபித்தவன் நான். பெயர் பியோன் தல்சூ. பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. முகத்தைக் காட்டினாலும் தெரியாது. முதுகைக் காட்டினால் கொரியா முழுக்க அடையாளம் கண்டுகொள்ளும்.

சரித்திரத் தொடர்களில் நான் மந்திரி. பட்டத்து இளவரசரை நீக்க வேண்டும், ராணிக்கு விஷம் தர வேண்டும் என்று ராஜா எதையாவது உளறுவார். உடனே சிவப்பு அங்கியும் கறுப்புத் தொப்பியுமாய் நாங்கள் பதினான்கு பேர் தரையில் விழுவோம். முன்னால் இருக்கிற பெரிய நடிகர் ஒருவர் முதலில் குரல் கொடுப்பார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து, "ஆணையைத் திரும்பப் பெற்றருள வேண்டும், மன்னா!" என்று கத்துவோம். ராஜா கேட்கமாட்டார். கேட்டால் கதை முடிந்துவிடும். கடைசியில் ஓடும் எழுத்துகளில் என் பாத்திரத்தின் பெயர் 'மந்திரி 4'. ஏழு ராஜாக்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். எவனும் எனக்கு ஒரு பெயர் வைக்கவில்லை.

விழாவின் சரித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் ஐந்தே விருதுகள். பரிசு கிடைக்காத ஒரு கதாநாயகர் கோபித்துக்கொண்டு மறுநாள் படப்பிடிப்புக்கு வரவில்லை. எனவே அடுத்த வருடம் ஆறு. அதற்கடுத்த வருடம் மூன்று பேர் வராமல் இருந்து பார்த்தார்கள், ஒன்பதானது. பிறகு சிறந்த நடிகரை நெடுந்தொடர், நடுத்தொடர், குறுந்தொடர் என்று மூன்றாக வெட்டினார்கள். அந்த மூன்றையும் வார நாள், வார இறுதி என்று ஆறாக்கினார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பேருக்குக் கூட்டுப் பரிசு. சிறந்த ஜோடி விருது போன வருடம் பதினொரு ஜோடிகளுக்குக் கிடைத்தது. அதில் ஒரு ஜோடி, தளபதியும் அவருடைய குதிரையும். குதிரை நேரில் வந்திருந்ததால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

விழாவின் ஒரே சட்டம் அதுதான். வந்தால் உண்டு, வராவிட்டால் கிடையாது. மேடையேறியவர்கள் எல்லோரும் தயாரிப்பாளருக்கும் கம்பெனி முதலாளிக்கும் கடவுளுக்கும் தலைமுடி அலங்காரக் கடை அம்மாவுக்கும் நன்றி சொல்வார்கள். ஒரு வருடம் அந்தக் கடை அம்மாவின் பெயர் இருபத்தாறு தடவை வந்தது, கடவுளின் பெயர் பத்தொன்பது தடவை. மறுவருடம் கடை அம்மாவுக்கும் ஒரு விருது கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் பதினான்கு பேரையும் வருடாவருடம் கூப்பிடுவார்கள், நாற்பத்தோராம் மேசை காலியாகத் தெரியக் கூடாது என்பதற்காக. எங்களை யாரும் எந்தப் பட்டியலிலும் சேர்த்ததில்லை. பட்டியலில் சேர்ந்தவர் எவரும் பரிசு வாங்காமல் போனதும் இல்லை.

இந்தக் கடைசி விஷயத்தை ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் கவனித்துவிட்டார். வேலையில்லாத மனுஷன், முப்பத்திரண்டு வருடத்துக்கும் கட்டம் போட்டு எழுதி நேயர் குழுவுக்கு அனுப்பினார். 'பரிந்துரைக்கப்பட்ட ஒருவராவது எப்போதாவது தோற்றிருக்கிறாரா? தோற்றிருந்தால் பெயர் தெரிவிக்கவும்.' பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஹன்மாரு அலுவலகம் பழைய ஒளிநாடாக்களை எல்லாம் போட்டுத் தேடியது. ஒரு ஆள் கிடைக்கவில்லை.

நவம்பர் கடைசியில் எனக்கு அழைப்பு வந்தது. நாடகப் பிரிவுத் தலைவர் மா கிதே தன் அறையில், தன் கையாலேயே எனக்குக் காப்பி கலந்து கொடுத்தார். முப்பத்தொரு வருடத்தில் அந்த மாடிக்கு நான் போனதே அதுதான் முதல் தடவை.

"தல்சூ அண்ணே, இந்த வருஷம் நெடுந்தொடர் துணை நடிகர் பட்டியல்ல உங்க பேரு இருக்கு."

காப்பி என் மூக்கில் ஏறிவிட்டது. எழுந்து நின்று நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"உக்காருங்க, உக்காருங்க. இன்னும் முடிக்கல. பட்டியல்ல ரெண்டே பேரு. நீங்க, அப்புறம் நம்ம ரியூ ஹாஜுன்."

ஹாஜுன் பாட்டுக்குழுவிலிருந்து நடிக்க வந்தவன். இருபத்து நாலு வயது. எங்கள் தொடரில் இளவரசரின் மெய்க்காப்பாளனாக வந்து, தலைமுடியைக் காற்றில் பறக்கவிட்டபடி எட்டு வாரம் நின்றான்.

"பரிசு ஹாஜுனுக்கு," என்றார் மா. "நீங்க தோக்குறீங்க."

"நானா?"

"நேர்மையா நடக்குற விழான்னு ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா? அதுக்கு ஒரு ஆளு தோத்தே ஆகணும். பெரிய நடிகருங்ககிட்ட கேட்டா அடிக்க வராங்க. அப்புறம் நம்ம மேக்கப் பொண்ணுதான் உங்க போட்டோவைக் காட்டுச்சு. என்னா முகம்ணே அது! ஒரு துளி எதிர்பார்ப்பு இல்ல. தோக்குறதுக்குன்னே கடவுள் செஞ்ச முகம்!"

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று எனக்குப் புரியவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கொஞ்சம் பூரித்துத்தான் போனேன். என் முகத்தைப் பற்றி அந்தக் கட்டடத்தில் யாரும் அதுவரை ஒரு வாக்கியம்கூடப் பேசியதில்லை.

"நடுவர் குழு ஒத்துக்கணுமே, தலைவரே?"

"நடுவர் குழுவுக்கு முழுச் சுதந்திரம் உண்டு. அதுல நான் தலையிடவே மாட்டேன். அவங்க என்ன முடிவு பண்ணணும்னு வருஷாவருஷம் முன்னாடியே சொல்லிடுவேன், அவ்வளவுதான். பாவம், வயசானவங்க, எதுக்கு மண்டைய ஒடச்சுக்கணும்?"

பிறகு நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். வசந்தத்தில் ஐம்பது பகுதிச் சரித்திரத் தொடர் ஒன்று தொடங்குகிறதாம். அதில் இடது மந்திரி என்று ஒரு பாத்திரம். ராஜாவைத் தனியாக நின்று எதிர்ப்பவன். பெயர் ஹான் சேக்யோம்.

"நல்லபடியா தோத்துக் குடுங்க. அந்தப் பாத்திரம் உங்களுக்கு. சொதப்பினீங்கன்னா வேற ஆளு பாத்துக்குவேன். வெளிய மூச்சு விடக் கூடாது. வீட்டுல அண்ணிகிட்டகூட."

பெயர்! எனக்கு ஒரு பெயர்! ஹான் சேக்யோம், ஹான் சேக்யோம் என்று சொல்லிக்கொண்டே போனதில் இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கினேன்.

அடுத்த வாரம் மா பத்திரிகையாளர்களைக் கூட்டிப் பேசினார். "இந்த ஆண்டு நம் விழாவில் நேர்மையை அறிமுகப்படுத்துகிறோம். முதலில் ஒரே ஒரு பிரிவில், சோதனை முயற்சியாக. பாதிப்பு ஏதும் இல்லையென்றால் மெல்ல விரிவுபடுத்துவது பற்றி யோசிப்போம்." எல்லோரும் கைதட்டினார்கள். எந்தப் பிரிவு என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

எனக்கு ஒத்திகை வைத்தார்கள். மொத்தம் நாலு நொடி. முதல் நொடி நம்பிக்கை. இரண்டாவது நொடி அடி விழுந்த மாதிரி ஒரு அதிர்ச்சி, ஆனால் பொறாமை எட்டிப் பார்க்கக் கூடாது. மூன்றும் நான்கும் மனதாரக் கைதட்டல். கண்ணில் ஈரம் இருக்கலாம், கன்னத்துக்கு இறங்கக் கூடாது. இதுவரை என் முகம் திரையில் ஒரு நொடிக்கு மேல் நின்ற ஞாபகமே எனக்கு இல்லை. வீட்டில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று நூறு தடவை தோற்றுப் பார்த்தேன்.

என் மனைவி ஓக்சூன் கதவைத் திறந்து பார்த்துவிட்டாள். சந்தையில் கிம்ச்சியும் தொடுகறிகளும் விற்கிற கடை அவளுடையது. எங்கள் வீட்டில் சோறு வேகிறது அந்தக் கடையால்தான், என் மந்திரி உத்தியோகத்தால் அல்ல.

"என்னங்க இது? கண்ணாடியப் பாத்து அழுதுக்கிட்டே கைதட்டுறீங்க?"

"விருது விழாவுக்கு ஒத்திகை. பட்டியல்ல என் பேரு இருக்கு."

"பரிசு வாங்கப் போற மனுஷன் எழவு வீட்டுக்குப் போற மாதிரியா மூஞ்சிய வெச்சுப்பாரு?"

"தன்னடக்கம்."

"மண்ணாங்கட்டி," என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டே போனாள்.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். பெயர்ப் பட்டியல் பத்திரிகையில் வந்த நாள் மாலை கடைக்குப் போனேன், சொல்லியே தீருவது என்று. சந்தை வாசலில் அண்ணாந்து பார்த்ததும் காலில் ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டேன். வாசலின் இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை ஒரு பேனர் தொங்கியது. 'எங்கள் சந்தையின் மாப்பிள்ளை, நடிகர் பியோன் தல்சூ விருது பெற்றமைக்கு வாழ்த்துகள்!'

பெற்றமைக்கு! விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆனால் அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஹன்மாரு பட்டியலில் பெயர் வந்தால் பரிசு வந்த மாதிரிதான் என்று நாட்டில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். மீன் கேக் கடைக்காரரான சந்தைச் சங்கத் தலைவர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மாப்ளே! அன்னிக்குச் சந்தையிலயே பெரிய திரை கட்டுறோம். எல்லாக் கடையும் சீக்கிரம் மூடுறோம். நன்றி சொல்றப்ப மீன் கேக்கையும் ஒரு வார்த்தை சேத்துக்கங்க!"

ஓக்சூன் முள்ளங்கி நறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பெருமையைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு முள்ளங்கி ஒரு கிலோ சுமந்து வீட்டுக்குப் போனேன். கோழை என்று திட்டுங்கள், தகும்.

டிசம்பர் முப்பது. என்னை மூன்றாம் மேசையில், ஹாஜுன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பையன் என்னைப் பார்த்ததும் எழுந்து இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கினான்.

"ஐயா, உங்க பக்கத்துல உக்காரவே கூச்சமா இருக்கு. நீங்க முப்பது வருஷமா நடிக்கிறீங்க. நான் எட்டு வாரம் நின்னேன், அவ்வளவுதான்."

"நல்லா நின்னீங்க தம்பி," என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்.

திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் நாற்பத்தோராம் மேசையில் மற்ற பதிமூன்று மந்திரிகளும் இலவச உலர்கணவாய் மீனை மென்றுகொண்டிருந்தார்கள். என் நண்பன் கூ பொங்சிக், மந்திரி 5, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். முப்பது வருடம் எனக்குப் பக்கத்தில் தரையில் விழுந்தவன். அவனிடமும் நான் சொல்லவில்லை.

எங்கள் பிரிவு வந்தபோது நாற்பத்தேழு பேருக்குப் பரிசு கொடுத்து முடித்திருந்தார்கள். உறையைப் பிரித்து வாசிக்க வந்தவர் பாங் யோன்சில் அம்மா. எழுபத்து மூன்று வயது, எல்லாத் தொடரிலும் ராஜமாதா. பதினைந்து வருடமாக அந்த மேடையில் உறை பிரிக்கிறார். பதினைந்து வருடமும் உள்ளே இரண்டு பெயருக்குக் குறைந்ததில்லை.

படக்கருவி என் முகத்துக்கு முன் வந்து நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. நம்பிக்கையை முகத்தில் கொண்டுவந்தேன். சந்தையில் இதே முகம் இப்போது திரை அகலத்துக்கு நிற்கும், ஓக்சூன் பார்ப்பாள் என்று நினைத்தேன். நம்பிக்கை கொஞ்சம் கோணலாகத்தான் வந்திருக்கும்.

யோன்சில் அம்மா சீட்டைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். உறைக்குள் விரலை விட்டுத் துழாவினார். பிறகு ஒலிவாங்கியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நாக்கைத் தட்டினார்.

"இந்த அச்சடிக்கிற பசங்களுக்குப் பொறுப்பே கெடையாது. பட்டியல்ல இருக்குற ரெண்டு பேருல ஒருத்தர் பேர விட்டுட்டானுங்க. பாவம், அந்த ஆளு மனசு என்ன பாடுபடும்? பரவால்ல, நானே சொல்லிடறேன். கூட்டுப் பரிசு! ரியூ ஹாஜுன், பியோன் தல்சூ!"

அரங்கம் கைதட்டியது. நான் பழக்கப்படி இரண்டாவது நொடிக்குப் போய் அதிர்ந்துவிட்டேன். ஒத்திகையில் வராத அதிர்ச்சி அன்றைக்கு அவ்வளவு அருமையாக வந்தது.

மேடையோரத்தில் மா கிதே இரண்டு கையையும் பெருக்கல் குறி போல மார்பில் வைத்து, தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். ஹாஜுன் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடைக்கு ஏறினான். ஒவ்வொரு படிக்கும் ஹான் சேக்யோம் என்னை விட்டு ஒரு அடி தள்ளிப்போனான். கோப்பையை வாங்கினால் பெயர் போச்சு. வாங்காவிட்டால் சந்தைக்கு முன்னால் மானம் போச்சு. யோன்சில் அம்மா ஹாஜுனிடம் ஒரு கோப்பையைக் கொடுத்துவிட்டு, அவசரத்துக்கென்று மேடைக்குப் பின்னால் எப்போதும் வைத்திருக்கும் பெட்டியிலிருந்து இன்னொன்றை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"வாங்கிக்கப்பா."

'இல்லம்மா, நான் தோற்க வந்தவன்' என்று சொல்ல வேண்டும். நேரலையில் எப்படிச் சொல்வது? தலை காலியாகிவிட்டது. எதிரே ராஜமாதா நிற்கிறார், வாங்கக் கூடாத ஒன்றை வாங்க ஆணையிடுகிறார். முப்பத்தொரு வருடத்தில் இந்த நிலைமைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். முழங்கால் தானாக மடங்கியது. நெற்றி மேடையில் மோதியது.

"ஆணையைத் திரும்பப் பெற்றருள வேண்டும், ராஜமாதா!"

பிறகு, தூரத்தில், நாற்பத்தோராம் மேசையில் பதிமூன்று நாற்காலிகள் ஒரே சமயத்தில் பின்னால் நகர்ந்தன. பொங்சிக் முதலில் விழுந்தான். மற்றவர்கள் வாயில் கணவாயோடு விழுந்தார்கள்.

"திரும்பப் பெற்றருள வேண்டும், ராஜமாதா!"

அவர்களுக்குக் காரணம் தெரியாது. எங்களுக்கு எப்போதுமே காரணம் தெரிந்ததில்லை. ஒருவன் விழுந்தால் மற்றவர்கள் விழ வேண்டும், அதுதான் தொழில். ஆனால் அந்தக் குரல் கூரையைத் தொட்டுத் திரும்பியது, எனக்கு உடம்பு சிலிர்த்தது. அரங்கில் இருந்த பெரிய நடிகர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்று கைதட்டினார்கள். குதிரையின் தளபதி விசிலடித்தார். யோன்சில் அம்மா மட்டும், "இதென்ன கூத்து!" என்று ஒலிவாங்கியில் சொன்னார்.

விளம்பர இடைவேளை விட்டார்கள். மூன்று நிமிடம். அதற்குள் நடுவர் குழுவிடம் அவர்கள் சுதந்திரமாக எடுத்த முடிவைப் போய்ச் சொல்லிவிட்டு மா திரும்பி வந்தார். ஹாஜுனுக்கு மட்டும் துணை நடிகர் விருது. எங்கள் பதினான்கு பேருக்கும் சேர்த்து 'சிறந்த கூட்டுக் குரல் விருது', விழாவின் சரித்திரத்தில் முதன்முறையாக. பெட்டியில் கோப்பை ஒன்றுதான் மிச்சம். மேடையில் மா பேசினார்:

"இன்று ஒருவர் தோற்கவும் செய்தார், பரிசும் பெற்றார். நேர்மையை நாங்கள் யாருக்கும் வலிக்காமல் செய்து காட்டிவிட்டோம். இனி அது தேவைப்படாது."

இறங்கும்போது அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "தலைவரே, ஹான் சேக்யோம்?"

"அண்ணே, ஜனங்களுக்கு உங்க பதினாலு பேரையும் பிடிச்சுப் போச்சு. ஒருத்தருக்குக் குடுத்து மத்தவங்களுக்குக் குடுக்கலன்னா மனசு நோகும்ல? அதனால எல்லாருக்கும் பேரு வெக்கச் சொல்லிட்டேன். பதினாலு மந்திரி, பதினாலு பேரு. ஹான் சேக்யோம் நீங்கதான், சந்தோஷமா?"

"ஐம்பது பகுதியும் வருவேனா?"

"ரெண்டாவது வாரத்துல ராஜாவுக்குக் கோபம் வந்து பதினாலு பேருக்கும் விஷக் கிண்ணம் அனுப்புறாரு. ஒரே காட்சிதான். பிரமாதமா இருக்கும்!"

மறுநாளும் அதற்கு மறுநாளும் சந்தையில் எனக்கு மீன் கேக் இலவசம். நன்றி சொல்லாததைச் சங்கத் தலைவர் பெருந்தன்மையோடு மன்னித்தார். ஒரு கோப்பையைப் பதினான்கு பேரும் ஆளுக்கு இருபத்தாறு நாள் வைத்துக்கொள்வது என்று முடிவானது. நான் மந்திரி 4 என்பதால் மார்ச்சில்தான் என் முறை.

புத்தாண்டுக் காலையில் பேனரைக் கழற்ற ஓக்சூனும் நானும் சந்தைக்குப் போனோம். நான் ஏணியில் ஏறினேன். கிட்டே பார்த்தபோதுதான் கவனித்தேன், துணி முழுக்கக் கட்டம் கட்டமாக மடிப்புத் தடம். பூண்டும் மிளகாய்த்தூளும் மணத்தன. எந்த விருது என்று இல்லை, எந்த வருடம் என்றும் இல்லை. மூலையில் அச்சகத்தின் பெயர் இருந்தது. அந்த அச்சகம் மூடி ஒன்பது வருடம் ஆகிறது.

ஏணியில் நின்றபடியே கேட்டேன். "ஓக்சூன், இத எப்ப அடிச்ச?"

அவள் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"ராணிக்கு விஷம் குடுக்க வேண்டாம்னு நீங்க பனியில விழுந்து அழுதீங்களே, அந்தத் தொடர் வந்தப்போ. கேமரா வந்து உங்க மேல நின்னுச்சு. நான் எண்ணிப் பாத்தேன், ஆறு நொடி. இந்த வருஷம் கண்டிப்பா குடுப்பாங்கன்னு மறுநாளே போய் அடிச்சுட்டேன்."

"அது பதினொரு வருஷம் இருக்குமே!"

"இருக்கும். ஊறுகாய் ஜாடிக்கு அடியில கெடந்துச்சு. டிசம்பருக்கு டிசம்பர் எடுத்து வெயில்ல போட்டு மடிச்சு வெப்பேன். எறங்குங்க, விழுந்து தொலைக்கப் போறீங்க."

எனக்குப் படி கண்ணில் தெரியவில்லை. ஈரம் கன்னத்துக்கு இறங்கிவிட்டது, ஒத்திகை எல்லாம் வீண். எனக்கே ஞாபகமில்லாத என் ஆறு நொடியை இவள் எண்ணி வைத்திருக்கிறாள். இறங்கி வந்து, எல்லாவற்றையும் சொன்னேன். தோற்பதற்காகத்தான் கூப்பிட்டார்கள் என்று சொன்னேன். விஷக் கிண்ணத்தையும் சொன்னேன்.

"கண்ணாடி முன்னாடி பாத்தப்பவே தெரியும்," என்றாள். பேனரைப் பழைய தடத்திலேயே மடித்துக் கையில் இடுக்கிக்கொண்டாள்.

வீட்டில் புத்தாண்டு அரிசிக் கேக் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி என் முன்னால் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"எங்க, ஹான் சேக்யோம் எப்படிக் குடிப்பாரு? காட்டுங்க."

விஷம் குடிக்கும் முன் மந்திரிகள் செய்வதுபோல நான் வடக்குப் பக்கம் திரும்பி ராஜாவுக்கு ஒரு கும்பிடு போட்டேன். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கினேன்.

"அவசரப்படாதீங்க," என்றாள் ஓக்சூன். "பதினாலு பேருல நீங்க கடைசியா குடிங்க. கேமரா நிக்கும். நான் எண்ணுறேன்."